ஜோடி சேராத எலக்ட்ரான்

காந்தம் மிதக்கவில்லை.

பேராசிரியர் விக்னேஷ்குமார் தெர்மோகோல் கிண்ணத்தில் ஒரு கறுப்பு வில்லையை வைத்து, அதன் மேல் உளுந்தளவு காந்தத்தைப் போட்டு, திரவ நைட்ரஜனை ஊற்றினார். வெள்ளைப் புகை மேசையெல்லாம் வழிந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தோம். காந்தம் போட்ட இடத்திலேயே கிடந்தது.

"மிதக்கணுமா சார்?" என்று கேட்டேன்.

"அந்தரத்துல நிக்கணும். மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரி. இதுக்கு மேல எப்படிக் குளிர வைக்கிறது?"

"எங்க மாமனாரும் இப்படித்தான் சார். எம்புட்டு ஐஸ் வச்சாலும் அசைய மாட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. நாகஜோதி அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். பழகிய மிதிதான். பன்னிரண்டு வருடம் விருதுநகர் - சாத்தூர் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த பாண்டிராஜ் என்கிற நான், அக்காவிடம் உதவியாளனாகச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. என் வலது காலில் இன்னும் விரல்கள் இருப்பது ஆச்சரியம்.

அக்காவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயது. பட்டாசு ஆலைகளில் தீப்பிடித்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் போய்ச் சாம்பலைக் கிளறி "இது விபத்தா, யாரோ செஞ்ச வேலையா" என்று சொல்லும் உத்தியோகத்தில் பத்தொன்பது வருடம் இருந்தவர். உண்மையைச் சொல்லிச் சொல்லியே அந்த வேலையை விட்டு வெளியே வந்தார். இப்போது ஒரு அச்சகத்துக்கு மேல் இரண்டு அறை, ஒரு பழைய ஆம்னி வேன், ஒரு நான். அதுதான் எங்கள் துப்பறியும் நிறுவனம்.

நேற்று மாலை அந்த மாடிப்படி ஏறி வந்தவர் சின்னத்தாய். நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை. "எம்மக பொன்மணி இங்க காலேஜ்ல ஆராய்ச்சி படிக்கா. எவனோ அவ வேலையைக் கெடுத்துட்டான். நாளைக்கு மூணு மணிக்கு விசாரணை. பொய்க்காரின்னு எழுதி வெளிய அனுப்பப் போறாக. எவன்னு கண்டுபிடிச்சுத் தாங்க" என்றார். அழவில்லை. கோபத்தில் இருந்தார். அக்காவுக்குக் கோபக்காரர்களைப் பிடிக்கும்.

இப்போது மணி பத்தரை. கல்லூரி முதல்வர் அனுமதி கொடுத்து, ஆய்வகத்துக்குள் நிற்கிறோம். பொன்மணி சுவரோரமாக நின்றிருந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். நாலு நாளாகத் தூங்காத கண்கள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா" என்றார் அக்கா. "அப்புறம் இவனுக்குப் புரியற மாதிரியும் சொல்லு."

பொன்மணி என்னைப் பார்த்தாள். "சாதாரணக் கம்பியில எலக்ட்ரான் ஒவ்வொண்ணும் தனித்தனியா ஓடும் சார். வழியில முட்டும், மோதும், சூடாகும். அதுதான் தடை. இந்த மாதிரி வில்லையைக் குளிர வச்சா எலக்ட்ரான்லாம் ஜோடி சேர்ந்திரும். ஜோடி சேர்ந்துட்டா முட்டாது. தடை சுத்தமா ஜீரோ. அதுதான் சூப்பர்கண்டக்டர். அப்ப காந்தத்தையும் மேல தள்ளி மிதக்க வைக்கும்."

"தனியா இருந்தா முட்டும், ஜோடி சேர்ந்தா முட்டாதா? எங்க வீட்டுல நேர்மாறா நடக்கு."

இந்தத் தடவை அந்தப் பெண்ணுக்கு உதட்டோரம் லேசாக அசைந்தது.

"இதுல ஒரு பொருளைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே போனா, ஒரு கட்டத்துல ஜோடியெல்லாம் உடைஞ்சு, மின்சாரமே கடத்தாத வெறும் ஓடா ஆயிரும். அந்தக் கட்டம் எது, எப்படி உடையுதுன்னு அளக்கறதுதான் என் ஆராய்ச்சி. ஆனா எதையுமே மாத்தாத முதல் வில்லை ஒழுங்கா கடத்தணும்ல? மே மாசம் கடத்துச்சு. கிராப் இருக்கு. ஆடி லீவு முடிஞ்சு புதுசா மூணு செஞ்சேன். மூணும் ஓடு."

"மே மாசம் கடத்துன வில்லை எங்க?"

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "என் மேசை டிராயர்ல இருந்துச்சு. ஈரம் ஏறி உதிர்ந்து போச்சு."

"ஈரம் படாம வைக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"மறந்துட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வெளியே போன் பேசப் போனதும் அக்காவின் காதில் ஓதினேன். "மனுசன் மேல எனக்குச் சந்தேகமா இருக்கு. இந்தப் பிள்ளையை அனுப்பிட்டா அந்த இடத்துக்கு வேற ஆள் ரெடியாம். வாசல்ல பியூன் சொன்னாரு."

"எனக்கு எல்லார் மேலேயும் சந்தேகம். உன் மேலயும்தான். பொன்மணி, வில்லைக்கு என்னென்ன போடுவே?"

அவள் மூன்று பாட்டில்களை எடுத்து வைத்தாள். யிட்ரியம், பேரியம், காப்பர். முதல் இரண்டும் வெள்ளைப் பொடி, மூன்றாவது கறுப்பு. அளந்து கலந்து, மணிக்கணக்கில் அரைத்து, உலையில் சுட்டு, மறுபடி அரைத்து, அச்சில் அழுத்தி, மறுபடி சுட்டால் ஒரு வில்லை. ஒன்றுக்கு ஒரு வாரம் பிடிக்குமாம். உள்ளே என்ன உருவாகியிருக்கிறது என்று பார்க்கும் எக்ஸ்ரே கருவி மதுரையில்தான். வரிசையில் அடுத்த மாதம்தான் முறை.

அக்கா மூன்று மூடிகளையும் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். இரண்டு மூடிகள் வெறும் பிளாஸ்டிக். பேரியம் பாட்டில் மூடிக்குள் மட்டும் ஒரு காகித வட்டம், கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது.

"இது யார் வச்சது?"

பொன்மணி குனிந்து பார்த்தாள். "தெரியல மேடம். ஸ்டோர்ல வச்சிருப்பாகன்னு நினைச்சேன்."

"இந்தப் பாட்டில் ஆய்வகத்தை விட்டு எப்பவாவது வெளிய போச்சா?"

"இல்ல."

கண்டக்டராக இருந்தவனுக்கு ஒன்று தெரியும். டிக்கெட் எடுத்தவன் "எடுத்தாச்சு" என்று சொல்லும் வேகம் வேறு, எடுக்காதவன் சொல்லும் வேகம் வேறு. இவள் டிக்கெட் எடுக்காத வேகத்தில் சொன்னாள்.

அக்கா அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. கம்பி ஒன்றைக் கேட்டு வாங்கி, அமிலத்தில் நனைத்து, பேரியம் பாட்டில் பொடியில் தொட்டு, எரிகிற பர்னரில் காட்டினார். இதற்குள் பேராசிரியரும் திரும்பி வந்துவிட்டார்.

சுடர் ரத்தச் சிவப்பில் சீறியது.

"பாண்டி, நீ பார்த்த பச்சை வாணத்துல எல்லாம் என்ன இருக்கும் தெரியுமா? பேரியம். சிவப்பு வாணத்துல ஸ்ட்ரான்சியம். பட்டாசுக்குப் பேரியம் கூடாதுன்னு தடை வந்து வருசக்கணக்காச்சு. இந்தப் பாட்டில்ல பேரியம்னு ஒட்டியிருக்கு. உள்ள இருக்கறது ஸ்ட்ரான்சியம்." அக்கா கம்பியைக் கீழே வைத்தார். "பேரியம் இல்லாம இந்த வில்லையில எலக்ட்ரான் ஜோடி சேருமா பொன்மணி?"

"சேராது" என்றாள். பாட்டிலைக் கையில் எடுத்தாள். "இங்க நாங்க சுடற முறையில ஸ்ட்ரான்சியம் போட்டா அந்தப் பொருளே உருவாகாது. அப்ப நான் தப்பா செய்யல. நான் தப்பா செய்யல சார்!"

விக்னேஷ்குமார் அசரவில்லை. "இல்லம்மா. இதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. கிராப் பொய். மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் பாட்டிலை நீயே மாத்திட்டு, எவனோ மாத்துனான்னு சொல்றே. ஸ்ட்ரான்சியம் கிடைக்கிறதுக்கு உங்க வீட்டுல என்ன பஞ்சமா? யார் மாத்துனாங்கன்னு ஆளைக் காட்டுங்க. இல்லேன்னா மூணு மணிக்கு நான் கையெழுத்துப் போடுவேன்."

சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "உங்க வீட்டுல" என்ற சொல்லை அவர் அழுத்தியது அதைவிடப் பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. அதுதான் எரிச்சல்.

வராந்தாவுக்கு வந்ததும் அக்கா காகித வட்டத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "டப்பா மூடிக்குள்ள காகிதம் வெட்டி வைக்கிறது யார் வழக்கம்னு நினைக்கறே? சாம்பல் கிளறுற காலத்துல நூறு ஷெட்ல பார்த்திருக்கேன். பொடிக்குள்ள ஈரக்காத்து ஏறக்கூடாதுன்னு வைப்பாக. இது பட்டாசுக் கை."

"அப்ப ஆள் சுலபம் அக்கா. இந்தக் கட்டடத்துல பட்டாசுக் கை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஸ்டோர் சாவியும் அந்தக் கையிலதான் இருக்கு."

சங்கிலிமுத்து, ஸ்டோர் உதவியாளர். முப்பது வருடம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்துவிட்டு, தீக்காயத்தோடு வெளியே வந்து இந்த வேலையில் சேர்ந்தவர். நாங்கள் போனபோது ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தலையில் அரை அங்குல முடி, குத்திட்டு நின்றது.

"வாங்க, வாங்க. டீ சாப்பிடுதீகளா?"

அக்கா காகித வட்டத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார். மனிதர் அதைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஏதோ அச்சடித்த படத்தின் துண்டு, பச்சையில் ஒரு கிளியின் இறக்கை பாதி. அவ்வளவுதான். பாதி டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க கிடைச்சது?"

"பேரியம் பாட்டில்ல. உள்ள இருந்த பொடியை எவரோ மாத்தியிருக்காக."

அவர் வட்டத்தை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். "நான்தான் மாத்துனேன். எழுதிக்கோங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துப்பறியும் தொழிலில் இவ்வளவு சீக்கிரம் யாரும் ஒத்துக்கொண்டதில்லை. டீ வேறு வாங்கித் தருகிறேன் என்கிறார்!

"என்னைக்கு மாத்துனீக?" என்றார் அக்கா.

"லீவுல. ஆடிக் கடைசி வெள்ளிக்கு நாலு நாள் காலேஜ் பூட்டிக் கெடந்துச்சுல்ல, அப்ப. ஆள் நடமாட்டம் இருக்காது."

"அந்த நாலு நாளும் இங்கதான் இருந்தீகளா?"

"ஆமா."

"அப்ப இருக்கன்குடி மாரியம்மனுக்கு உங்க தலைமுடியைத் தபால்லயா அனுப்பிச்சீக?"

சங்கிலிமுத்து தன்னையறியாமல் தலையைத் தடவினார். மொட்டை போட்ட தலையில் அரை அங்குலம் வளர எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட எனக்கே தெரியும். கடைசி வெள்ளிக்கு அவர் குடும்பத்தோடு நடந்தே போய்விட்டு நாலு நாள் கழித்துத்தான் வந்தார் என்று வாசலில் இருந்த பியூன் என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்தப் பியூனுக்கு வேறு வேலையே கிடையாது போலிருக்கிறது.

"யாரைக் காப்பாத்துதீக அண்ணாச்சி?" அக்கா மெதுவாகக் கேட்டார்.

"தீப்பிடிச்ச ஷெட்டுக்குள்ள கெடந்தப்ப என்னை ஒருத்தி இழுத்து வெளிய போட்டா. அம்புட்டுத்தான் சொல்லுவேன். மத்தது எதையும் கேக்காதீக." காகித வட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நான்தான் மாத்துனேன்னே எழுதுங்க அம்மா. எனக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருசம்தான் இருக்கு. போனாப் போகுது."

வேனில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா ஒரு பிடி காராச்சேவை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். நான் வண்டியைக் கிளப்பவில்லை. எங்கே போவது என்று தெரிந்தால்தானே?

"கிளிப் படம் போட்ட லேபிள் எந்தக் கம்பெனி?"

"நாரணாபுரம் பக்கம் ஒண்ணு இருக்கு அக்கா. சாட்டை, கம்பி மத்தாப்பு, பேன்சி..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினேன். நேற்று எங்கள் மாடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒரு சாப்பாட்டுப் பை இருந்தது. அந்தப் பையில் அந்தக் கம்பெனியின் பெயர் இருந்தது. சங்கிலிமுத்துவைத் தீயிலிருந்து இழுத்துப் போட்டவர் யார் என்பதும் புரிந்துவிட்டது. "அக்கா, அது..."

"ஓட்டு" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். சாப்பாட்டு நேரம். ஆலை கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். சின்னத்தாய் எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார். வானத்தில் போய் வெடிக்கிற பேன்சி ரகங்களுக்குக் கலர் உருண்டை பிடிக்கிற வேலை அவருக்கு. நகக்கண்ணெல்லாம் வெள்ளி நிறம் ஏறியிருந்தது.

"எவன்னு தெரிஞ்சிருச்சா? பேரை மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுறேன்."

அக்கா காகித வட்டத்தை நீட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமோ திருட்டு முழியோ வரும் என்று காத்திருந்தேன். இரண்டுமே வரவில்லை.

"இது நான் வெட்டுனதுல. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"பொன்மணி பாட்டில் மூடியில இருந்துச்சு."

"ஆமா, நான்தான் வச்சேன். ஆடி லீவுக்கு வீட்டுக்குக் கொண்டாந்திருந்தா, அரைக்கணும்னு. காலேஜ்ல சொல்லிராதீக, வெளிய கொண்டு வரக்கூடாதாம்." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "பாட்டில்ல என்ன இருந்துச்சு தெரியுமா? பேரியம்! எனக்கு இங்கிலீசுல தெரிஞ்ச ஒரே எழுத்து அதுதான். எங்க கம்பெனிச் சுவத்துல பெருசா எழுதி ஒட்டியிருக்கு, உள்ள வரக்கூடாதுன்னு. அன்னைக்குத்தான் பக்கத்துத் தெருவுல ஆபீசருக வந்து வீடு வீடா சோதனை போட்டாக. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. படிச்ச புள்ள, கரண்டைப் பத்தித் தெரியும், கேசைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்? எவனோ அவ தலையில கட்டிவிட்டுட்டான்னு நினைச்சேன்."

"என்ன செஞ்சீக?"

"அவ குளிக்கப் போன நேரத்துல பொடியை மாத்திட்டேன். இங்கனேருந்து கொஞ்சம் ஸ்ட்ரான்சியம் எடுத்துட்டுப் போயி, அதே அளவு போட்டு வச்சேன். குறைஞ்சா காலேஜ்ல கேப்பாகல்ல?"

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா உனக்கு என்னம்மா தெரியும்பா. எனக்குத் தெரியாதா? தடை வந்ததும் எங்க கம்பெனியில அப்படித்தான் செஞ்சாக. பேரியம் இருந்த இடத்துல இதைப் போட்டாக. பச்சையா எரிஞ்சது செவப்பா எரியுது, அம்புட்டுத்தான். வெடி வெடிக்கத்தான் செய்யுது, ஆர்டர் வரத்தான் செய்யுது." சொல்லிக்கொண்டே போனவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். "கலர்தானே மாறும் ஜோதியம்மா?"

எனக்கு எந்தக் கேலியும் வாயில் வரவில்லை. நாலு வருடத்தில் அது முதல் தடவை.

"பட்டாசுல கலர் மாறும்" என்றார் அக்கா. "உங்க மக வேலையில கலரே கிடையாது சின்னத்தாயி. அவளுக்கு அந்தப் பொடிதான் உசுரு. அது இல்லாம மூணு வில்லையும் வெறும் ஓடாப் போச்சு. அதனாலதான் அவளைப் பொய்க்காரிங்காக."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அப்படியே வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நானா?" என்றார். "எவன்னு கேட்டுத் தேடுனேனே... நானா?"

அக்கா அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "நல்லாக் கேட்டுக்கோங்க. நீங்க வந்து சொன்னாத்தான் அவங்க நம்புவாங்க. ஆனா கம்பெனிக்குள்ளேருந்து பொடி எடுத்ததை வெளிய சொன்னா, நாளைக்கு இந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்க முடியாது. வேற எந்தக் கம்பெனியிலயும் சேர்க்க மாட்டாக. போலீஸ் கேஸ் கூட வரலாம். நீங்க என் கட்சிக்காரி. நீங்க வேண்டாம்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

உள்ளே மணி அடித்தது. பெண்கள் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு எழுந்தார்கள். யாரோ, "ஏலா சின்னத்தாயி, வாரியா?" என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"பழைய பொடியை நான் கொட்டல. வீட்டுக்குப் பின்னாடி கருவேலமரத்தடியில பொதைச்சு வச்சிருக்கேன். வண்டியை அங்கன விடுங்க."

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கல்லூரிக் கூட்ட அறைக்குள் நுழைந்தோம். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெண் பேராசிரியர், அவர்தான் தலைவர். ஓரத்தில் விக்னேஷ்குமார், பேனா மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார். எதிரே பொன்மணி.

அம்மாவைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். அவர் கையில், தோண்டி எடுத்த மண் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாவையும் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. சட்டென்று மேசைப் பக்கம் திரும்பினாள்.

"மேடம், நான்தான் பொய் சொன்னேன். கிராப் நானா போட்டது. எழுதித் தர்றேன். எங்க அம்மாவை அனுப்பிருங்க."

விக்னேஷ்குமார் நாற்காலியில் சாய்ந்தார். "நான்தான் சொன்னேனே."

"வாயை மூடுடி!" சின்னத்தாய் போட்ட சத்தத்தில் மேசை மேலிருந்த தண்ணீர் கிளாஸ் கூட அதிர்ந்த மாதிரி இருந்தது. "மூணு வருசம் கண்ணு முழிச்சுச் செஞ்சதை ஒரு நிமிசத்துல பொய்யிங்கியா? எனக்காகவா? யாருடி கேட்டா உன்கிட்ட?"

அப்புறம் அவர் மேசையைப் பார்த்துத் திரும்பி எல்லாவற்றையும் சொன்னார். பாட்டிலை மகள் வீட்டுக்குக் கொண்டு வந்தது, எழுத்தைப் பார்த்துப் பயந்தது, கம்பெனியிலிருந்து பொடி எடுத்தது, மாற்றியது, ஏன் மாற்றியது. எதையும் மறைக்கவில்லை. அக்கா பர்னரைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார். பாட்டில் பொடியைத் தொட்டுக் காட்டினார், சிவப்பு. கம்பியைக் கழுவி, டப்பாப் பொடியைத் தொட்டுக் காட்டினார், பச்சை. மேசையிலிருந்த மூன்று பேரும் இந்த இரண்டு நிறத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இதை நீங்க எழுத்துல தந்தா உங்க வேலை போயிரும். தெரியுமா?"

"போகும். தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

"பொன்மணி மேலயும் பாட்டிலை வெளிய கொண்டு போன தப்பு இருக்கு. அதுக்கு எச்சரிக்கை உண்டு. ஆனா இந்தப் பேரியத்தை வச்சு, என் முன்னாடி புதுசா ஒரு வில்லை செய்யட்டும். மூணு வாரம் தர்றேன். அதுவரைக்கும் அவ ஆராய்ச்சி மாணவிதான். மே மாச அளவுகள் பொய்னு சொல்ல இப்ப எந்தக் காரணமும் இல்ல."

பொன்மணி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

சின்னத்தாய் சொல்லச் சொல்ல நான்தான் தமிழில் எழுதினேன். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினேன். அவர் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். தாளை வாங்க விக்னேஷ்குமார் கை நீட்டினார். சின்னத்தாய் கொடுக்கவில்லை.

"நீங்க எம்மக பொய் சொல்லலேன்னு இதுலயே எழுதுங்க. என் கையெழுத்துக்குக் கீழயே."

"அது தனியா ஆர்டர் வரும்மா. கமிட்டி முறைப்படி..."

"என் வேலையை இந்தத் தாள்ல எழுதிக் கொடுத்திருக்கேன் சார். எனக்கு இந்தத் தாள்லதான் வேணும். தமிழ்ல எழுதுங்க."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் சின்னத்தாயிடமிருந்து தாளை வாங்கி அவர் பக்கம் நகர்த்தினார். விக்னேஷ்குமார் எழுதினார். இரண்டு வரிக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

"வாசிங்க" என்றார் சின்னத்தாய்.

அவர் முணுமுணுத்தார். எனக்கே கேட்கவில்லை.

"வெளிய வராந்தாவுல அவளோட படிக்கிற புள்ளைக நிக்குதுக. அதுகளுக்கும் கேக்கணும்."

நான் போய்க் கதவை அகலத் திறந்து வைத்தேன். பேராசிரியர் எழுந்து நின்றார். காதெல்லாம் சிவந்து போயிருந்தது. இந்தத் தடவை சத்தமாகவே வாசித்தார்.

"பொன்மணி தந்த அளவுகள் உண்மையானவை. அவர் பொய் சொல்லவில்லை."

வராந்தாவில் நின்ற பிள்ளைகள் கதவருகே நெருங்கி வந்தார்கள். சின்னத்தாய் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை சார்" என்றார். "கொஞ்சம் மெதுவா."